மான் மோதிய வண்டிக்கு என் அண்ணன் சொன்ன விலை

என் அண்ணன் ஆர்லன் ஊர் தானியக் கிடங்கின் எடை மேடையிலேயே தலை நரைத்தவன். லாரி வந்து நின்றதும் ஒரு கை மக்காச்சோளத்தை அள்ளி முகர்ந்து, ஈரம் இவ்வளவு என்று சொல்வான். மெஷின் அப்புறம்தான் சொல்லும். பெரும்பாலும் அவன் சொன்னது சரியாக இருக்கும். தப்பாகப் போன நாளில் மெஷினைத் திட்டுவான். ஓய்வு பெற்றதும் அதே மூக்கையும் அதே வாயையும் தூக்கிக்கொண்டு பழைய கார்கள் பக்கம் முழுசாக வந்துவிட்டான்.

அமெரிக்காவின் நடுவில் இருக்கிற எங்கள் சின்ன ஊர் பிரேரி லேண்டிங்கில் கோடைக்காலம் முழுக்க வியாழக்கிழமை சாயங்காலம் மெயின் தெருவை அடைத்துவிடுவார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வரிசையாகச் சாய்த்து நிறுத்தி, பானட்டைத் திறந்துவிட்டு, பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். முன் கண்ணாடியில் ஒரு அட்டை இருக்கும். என்ன வருஷத்து வண்டி, என்ன இஞ்சின், யார் பெயிண்ட் அடித்தது என்று எழுதி, கடைசி வரியில் ‘பத்திரம்: சுத்தம்’ என்று முடிப்பார்கள். பத்திரம் சுத்தமில்லாதவர்கள் அந்த வரியை மட்டும் எழுத மறந்துவிடுவார்கள்.

அடிபட்ட வண்டியைச் சரிசெய்கிற செலவு அதன் விலைக்குக் கட்டுப்படியாகாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைகழுவினால், வண்டியின் உரிமைப் பத்திரத்தில் ‘சால்வேஜ்’, அதாவது கழித்துக்கட்டிய வண்டி, என்று முத்திரை விழும். பிறகு அதைத் தங்கத்தால் இழைத்தாலும், சோதனைக்குக் காட்டி ஓட்ட அனுமதி வாங்கினாலும், அந்தச் சொல் போகாது. கையை விட்டுக் கை மாறும்போதெல்லாம் கூடவே வரும்.

ஆர்லனின் சட்டைப் பையில் விதைக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த பசுமாட்டுக் காந்தம் ஒன்று இருக்கும்; மாடு விழுங்கிய ஆணி, கம்பியைப் பிடித்துவைக்க அதன் வயிற்றுக்குள் போடுகிற காந்தம். அதைக் கைக்குட்டையில் சுற்றி அடுத்தவர் வண்டியின் கதவு, மட்கார்டு எல்லாம் தடவிக்கொண்டே போவான். பட்டி கனமாகப் போட்ட இடத்தில் காந்தம் ஒட்டாமல் நழுவும். உடனே தெருவுக்கே கேட்கிற மாதிரி விலையைச் சொல்வான். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆர்லன் சொன்னால் அதுதான் விலை என்று ஆகிவிட்டது. வாங்குகிறவனும் விற்கிறவனும் முதலில் அவனிடம்தான் வந்து நிற்பார்கள்.

சால்வேஜ் வண்டி என்றால் அவனுக்குச் சாமி வந்துவிடும். “அது வண்டியே இல்ல. பொணத்துக்குப் பவுடர் போட்டு நாற்காலில உக்கார வச்சிருக்காங்க” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் குனிந்து எலுமிச்சைச் சாற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஏனென்றால் அவனுடைய கரும்பச்சை பொன்டியாக் காரே ஒரு சால்வேஜ் வண்டி.

தொண்ணூற்று மூன்றில் மிசிசிப்பி கரையை உடைத்துக்கொண்டு வந்ததே, அந்த வெள்ளத்தில் கூரை வரை மூழ்கிக் கிடந்த வண்டி அது. பத்தொன்பது வயதிலிருந்து அந்த மாடலுக்காக ஏங்கியவன், ஏலத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு குளிர்காலம் ஷெட்டில் கிடந்து அதைத் தேய்த்தான். சீட்டுச் சுருள்கம்பிகளின் இடுக்கில் இருந்த சேற்றைப் பல் துலக்கும் பிரஷ் வைத்து எடுத்தவள் நான். ஆற்றுச் சேற்றின் வாடை லேசில் போகாது. இப்போதும் வெயில் நாளில் கண்ணாடியை ஏற்றிவைத்தால் மெல்ல எழும்பும். அதனால் கண்ணாடிகளை எப்போதும் இறக்கியே வைத்திருப்பான். பார்க்க வருகிறவர்களுக்காக அப்படித் திறந்து வைக்கிறான், தாராள மனசு என்று ஊரில் பெயர்.

பத்திரம்? தெற்கே இரண்டு மாநிலம் தள்ளி எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் இருந்தான். வண்டியை ஒரு வருஷம் அவன் பெயரில் பதிந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே அந்த முத்திரையைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். திரும்பி ஆர்லன் பெயருக்கு வந்தபோது பத்திரம் வெள்ளை வெளேர் என்று வந்தது. “யாரும் ஒரு பொய்கூட எழுதலையே” என்பான். எழுதவில்லைதான். ஆனால் முதல் வியாழக்கிழமை, பக்கத்தில் வண்டி நிறுத்துகிற ஹார்வி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பத்திரம் சுத்தமா?” என்று கேட்டான். ஆர்லன் “ஆமா” என்றான். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான் அத்தனை வருஷம் அடுத்தவன் வண்டியைத் திட்டினான் என்று நான் நினைக்கிறேன். தன் வண்டி பக்கம் யாரும் காந்தத்தோடு வராதிருக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஒன்றுவிட்ட அண்ணனும் போய்ச் சேர்ந்தபின், விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

டாரின் மெயின் தெருவுக்கு முதன்முதலில் வண்டியோடு வந்தது ஒரு ஜூலை மாதம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், பால் பண்ணை லாரி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். மனைவி ஜோலின் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. எழுபதாம் வருஷத்து நீல செவெல் கார் ஒன்றைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினான். அட்டையில் யாரும் எழுதாததை எழுதியிருந்தான். ஆர்லன் கண்ணில் அது பட்டுவிட்டது.

“எல்லாரும் இங்க வாங்கப்பா! நம்ம டாரின் கதை எழுதியிருக்கான், வாசிக்கிறேன் கேளுங்க. ‘பத்திரம்: சால்வேஜ். மான் மோதியது. நானே சரிசெய்தேன்.’ மான் மோதிச்சாம்யா! அந்த மானுக்கு என்ன பத்திரம் குடுத்தாங்களோ, பாவம்!”

சிரிப்பு கிளம்பியது. டாரினின் காது சிவந்துபோனது.

“படமெல்லாம் எடுத்து வச்சிருக்கேன் ஆர்லன். பிரிச்சதுலேர்ந்து மாட்டுன வரைக்கும் எல்லாம் இருக்கு. பாக்குறீங்களா?”

“பவுடர் போடும்போது எடுத்த படமா? வேணாம்பா, எனக்கு ராத்திரி தூக்கம் வராது.”

“சரி, விலையச் சொல்லு” என்று ஹார்வி தூண்டிவிட்டான். “எவ்வளவு போகும்?”

ஆர்லன் குனிந்து பார்த்தான். “டயர் புதுசா இருக்கு. டயருக்கு வேணா ஏதாவது குடுக்கலாம்.”

ஜோலின் கையில் வைத்திருந்த பன்னைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினாள். டாரின் பானட்டை மெதுவாக இறக்கி, அழுத்தி மூடி, நாற்காலிகளை டிக்கியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அப்புறம் ஒரு வியாழக்கிழமையும் வண்டியைக் கொண்டுவரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன். “எதுக்கு அவனை அப்படிப் பேசின?”

“கேட்டாங்க, சொன்னேன்.”

“உன் வண்டிய யாராவது கேட்டா?”

ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

சில வருஷம் கழித்து ஒரு ஏப்ரல் சனிக்கிழமை. நான் ஆர்லனின் ஷெட்டில் அவனோடு விதை உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த நீல செவெல் வாசலில் வந்து நின்றது. டாரின் இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

“ஜோலினோட அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு” என்றான். “எங்ககூடவே வச்சுக்கப் போறோம். எங்க கராஜைத்தான் ரூமா மாத்தணும். அதான், வண்டிய வித்துறலாம்னு. சிக்காகோலேர்ந்து ஒரு கடைக்காரன் பதினெட்டாயிரம் டாலர் தர்றேங்கறான். சால்வேஜுக்கு அதுவே ஜாஸ்திங்கறான். எனக்கு ஒண்ணும் புரியல. உங்களைக் கேக்காம குடுக்க மனசு வரல.”

ஆர்லன் கத்தியைக் கீழே வைத்தான். “என்னையா?”

“நீங்க மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு. அன்னைக்கு எனக்குக் கோவம் வந்துச்சு, இல்லேங்கல. ஆனா சுத்தி வளைக்காம சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

ஆர்லன் எழுந்து சக்கரப் பலகையை இழுத்துப் போட்டு, மல்லாந்து படுத்து, வண்டிக்குக் கீழே போனான். வெளியே அவன் ஷூ மட்டும் தெரிந்தது. நெடுநேரம் அது அசையவில்லை. அப்புறம் வெளியே வந்து, டாரின் நீட்டிய படங்களை முதன்முறையாக வாங்கி, ஒன்றைக்கூட விடாமல் பார்த்தான். காந்தத்தை எடுத்து வலது மட்கார்டில் வைத்தான். பல்லியாக ஒட்டிக்கொண்டது.

“சொல்லுங்க ஆர்லன்.”

துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

“பதினெட்டு நல்ல விலைதான். குடுத்துரு.”

“அவ்வளவுதான் போகுமா?”

“அந்தப் பத்திரத்துக்குப் பாதி விலைகூட தேறாது. நான் எப்பவும் சொல்றதுதானே.”

டாரின் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் சமாளித்துக்கொண்டான். “சரி அப்ப” என்று தொடையில் தட்டினான். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், இன்னும் கால்மணி நேரம் வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவேன் என்பது. அப்படியே பேசினான். போகும்போது ஆர்லனின் கையைப் பிடித்துக் குலுக்கி, “இவ்வளவு நேரம் எடுத்துப் பாத்தீங்க, ரொம்ப நன்றி” என்றான்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் நான் கேட்டேன்.

“நெஜமா எவ்வளவு போகும்?”

கத்தியை எடுத்து ஒரு கிழங்கை வெட்டினான்.

“ஆர்லன், உன்னைத்தான் கேக்கறேன்.”

“முப்பத்தி மூணு, முப்பத்தி நாலு.” உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மான் மோதினப்ப அது வெறும் பழைய காரு, அவ்வளவுதான். சல்லிக் காசுக்கு இன்ஷூரன்ஸ் பண்ணியிருப்பான். ரேடியேட்டரும் ஒரு மட்கார்டும் பானட்டும் போனாலே அந்தக் காசுக்கு மேல செலவு வந்துரும். அதான் கைகழுவிட்டாங்க. அடி ஒண்ணும் பெருசில்ல, அன்னைக்கு விலைதான் சின்னது. சேஸ் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. சுத்தப் பத்திரமா இருந்தா நாப்பத்தஞ்சு போகும். முத்திரைக்குன்னு கால்வாசி கழிக்கலாம். இவ்வளவு படம் இருக்கும்போது அதுக்கு மேல கழிக்கிறவன் திருடன்.”

“அப்ப நீ யாரு?”

“மார்லிஸ்...”

“அந்த மனுஷன் உன்னை நம்பி வந்து நிக்கறான். ஒரு நம்பர் சொல்ல உனக்கு என்ன கேடு?”

“முப்பத்தி நாலுன்னா, அன்னைக்கு ஏன் டயருக்குத்தான் விலைன்னு சொன்னீங்கன்னு கேப்பான். ஹார்வி கேப்பான். எல்லாரும் கேப்பாங்க. சால்வேஜ்ல நல்லதும் இருக்குன்னு நான் வாயத் தொறந்தா, அடுத்து எவனாவது என் வண்டிக்கடியில படுப்பான்.” அவன் குரல் உடைந்தது. “தண்ணில கெடந்த வண்டிடீ அது. வயரெல்லாம் உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டிருக்கு. டாரின் வண்டி பக்கத்துல நிக்க அதுக்கு யோக்கியதை கெடையாது. எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற?”

“போன எடு. இப்பவே கூப்பிடு.”

போனை எடுத்தான். எண்களைப் பாதி அழுத்தினான். “நாளைக்கு” என்று வைத்துவிட்டான். நானாவது கூப்பிட்டிருக்கலாம். கூடப் பிறந்தவன் மானம் போகுமே என்று வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய லாரி வந்து செவெலை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை பக்கம் போனதாகத் தபால்காரர் சொன்னார்.

அந்த வாரமே ஜோலின் ஆர்லன் வீட்டுக்கு ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுடுகிற ‘பை’ ஒன்று செய்து கொண்டுவந்தாள். “உங்க அண்ணன் சொன்னப்புறம்தான் எங்களுக்குத் தெளிவு வந்துச்சு. இல்லேன்னா பேரம் பேசிப் பேசி அந்த ஆளையும் விட்டிருப்போம்” என்று என்னிடம் சொன்னாள். ஆர்லன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவே இல்லை. அவள் போனதும், “இத நீ எடுத்துட்டுப் போயேன்” என்று கெஞ்சினான். மாட்டேன் என்றேன். தின்னட்டும் என்று விட்டேன். அவன் தின்னவில்லை. பை மேசையில் நீர் விட்டு, பூஞ்சை பிடித்து, கடைசியில் குப்பைக்குப் போனது.

ஜூன் மாதம் தெரு மறுபடி களைகட்டியது. ஹார்வி தன் போனை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு வந்தான். சிக்காகோக் கடைக்காரன் போட்டிருந்த விளம்பரம். அதே நீல செவெல், டாரின் எடுத்த அதே படங்கள். சால்வேஜ் என்பதையும் மறைக்காமல் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். விலை முப்பத்தாறாயிரம். அதன்மேல் குறுக்கே ‘விற்றுவிட்டது’ என்று இருந்தது.

“எவனோ ஒரு மடையன் தலைல கட்டிட்டான்!” ஹார்வி தொடையைத் தட்டிச் சிரித்தான். “வாங்கினவன் நம்ம ஆர்லன ஒரு வார்த்தை கேட்டிருந்தா டயர் காசுக்கு மேல குடுத்திருக்க மாட்டான். என்ன ஆர்லன்?”

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. விலை கண்முன்னே எழுதியிருக்கிறது, வாங்கியவனும் வாங்கிவிட்டான், அப்போதும் ஒருவனுக்குக்கூட ஆர்லன் சொன்னது தப்போ என்று தோன்றவில்லை. எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துச் சிரித்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. இஞ்சின் சூடாகிறது என்று ஏதோ சொல்லி, ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வியாழக்கிழமை நான் போனபோது பொன்டியாக் வழக்கமான இடத்தில் நின்றது. கண்ணாடியில் புது அட்டை. என் அண்ணனின் கோணல் எழுத்து.

‘பத்திரம்: சுத்தம். அது பொய். 93 வெள்ளத்தில் மூழ்கிய சால்வேஜ் வண்டி. வேறு மாநிலத்தில் பதிந்து மாற்றியது நான்.’

ஆர்லன் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். சவரம் பண்ணி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

யாராவது வந்து காறித் துப்பியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஆனால் எங்கள் ஊர் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஹார்வி வந்தான், வாசித்தான், இன்னொரு தடவை வாசித்தான். “சனிக்கிழமை மழை வரும்கறாங்க” என்றான். “வந்தா நல்லது” என்றான் ஆர்லன். ஹார்வி தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ப் போட்டுக்கொண்டான். ஒவ்வொருவராக வந்தார்கள், வாசித்தார்கள், சோயா முளைத்ததைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். காந்தத்தோடு யாரும் வரவில்லை. வண்டியைத் தொடக்கூட இல்லை. கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த என் அண்ணனைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் டாரின் பன் வாங்க வந்தான். யாரோ சொல்லியிருக்க வேண்டும், நேராக எங்கள் பக்கம் நடந்து வந்தான். அட்டையை வாசித்தான். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு ஆர்லனுக்கு எதிரே வந்து நின்றான்.

“என் வண்டி நெஜமா என்ன போயிருக்கும் ஆர்லன்?”

“முப்பத்தி நாலு” என்றான் ஆர்லன். “நல்ல வேலை பண்ணியிருந்த டாரின். நான் பண்ணினத விட நல்லா.”

“நான் ஷெட்டுக்கு வந்து கேட்டன்னைக்கே இது உங்களுக்குத் தெரியுமா?”

ஆர்லன் தொப்பியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

“தெரியும்.”

டாரின் தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று பார்த்தேன். அவன் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

“ரூம் கட்டி முடிச்சிட்டோம். பாத்ரூம்தான் விட்டுப்போச்சு, காசு பத்தல. ஜோலின்தான் அவங்க அம்மாவ ராத்திரியும் பகலும் வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டு வர்றா. அவளுக்கு இப்ப முதுகு புடிச்சுக்கிச்சு.”

“நான் கட்டித் தர்றேன்” ஆர்லன் சட்டென்று எழுந்துவிட்டான். “குழாய் வேலை, ஓடு பதிக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும். செலவும் என்னோடது. நாளைக்கே வர்றேன் டாரின்.”

“வேணாம்” என்றான் டாரின். “நாங்க சமாளிச்சுக்கிறோம்.”

அடுத்த வீட்டுக்காரனின் கொட்டகை எரிந்தாலும் கேட்காமல் போய்த் தண்ணீர் ஊற்றுகிற ஊர் எங்களுடையது. இங்கே ஒருவன் இன்னொருவனின் உதவியை வேண்டாம் என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. டாரின் தொப்பியைத் தொட்டு எனக்கு மட்டும் தலையசைத்துவிட்டு, பன் கடை வரிசையில் போய் நின்றுகொண்டான்.